வெயிட் ஏத்தினா மட்டும் அலை வராது

போன ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி 10 மணிக்கு அமெரிக்காவிலிருந்து என் பெரியம்மா பையன் வீடியோ கால் பண்ணினான். அவன் மினசோட்டாவில் வேலை பார்க்கிறான். அங்கே அப்போ காலை. பின்னாடி ஏரி, மரத்தால் போட்ட படகுத்துறை, அதில் கட்டியிருந்த ஒரு படகு தெரிந்தது.

"டேய், நீ மெக்கானிக்கல் தானே? இந்தப் படகுல எங்க எவ்ளோ வெயிட் வைக்கணும்னு சொல்லு. அலை நல்லா வரமாட்டேங்குது."

எனக்கு அப்போ வேக்சர்ஃபிங் என்றால் என்னவென்றே தெரியாது. ஆனால் மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவன் ஒருவனிடம் யாராவது சந்தேகம் கேட்டால் "தெரியாது" என்று சொல்லும் பழக்கம் நம்மிடம் உண்டா என்ன? "எல்லா டேங்கையும் ஃபுல் பண்ணு அண்ணா. இன்னும் வெயிட் இருந்தா பின்னாடி வை. படகு ஆழமா இறங்கினா அலை பெருசா வரும், ஆர்க்கிமிடிஸ்!" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டேன்.

அந்தப் பதில் பாதி சரி, முழுக்கத் தப்பு. அது ஏன் தப்பு என்று புரிந்துகொள்ள எனக்கு இரண்டு வாரம் ஆனது. அதைத்தான் உங்களிடம் சொல்லப் போகிறேன். நீங்கள் வாழ்நாளில் அப்படி ஒரு படகில் ஏறாமலே போகலாம். ஆனால் நான் செய்த தவறை நீங்களும் செய்திருப்பீர்கள், அநேகமாக இந்த செமஸ்டரிலேயே.

முதலில், விளையாட்டு என்ன?

கோவளத்தில் சர்ஃபிங் பார்த்திருப்பீர்கள். அங்கே கடல் அலை கொடுக்கும் வரை காத்திருக்க வேண்டும். கடலே இல்லாத மினசோட்டாவில் அலையைப் படகுதான் உண்டாக்குகிறது. படகு மணிக்கு 16 முதல் 19 கி.மீ. வேகத்தில் போகும். ஆள் முதலில் கயிறு பிடித்து எழுந்து நிற்பார். பிறகு கயிற்றைப் படகுக்குள் வீசிவிடுவார். அதற்கப்புறம் அவரைத் தள்ளிக்கொண்டு போவது படகின் பின்னால் எழும் அந்த ஒரு அலை மட்டும்தான். அலையின் சரிவில் அவர் சறுக்கிக்கொண்டே இருக்கிறார், அலையும் கூடவே வந்துகொண்டே இருக்கிறது. கடலில் சில வினாடிகளில் முடிகிற சவாரி இங்கே நிமிடக்கணக்கில் நீளும்.

ஒன்று முக்கியம். இதை எந்தப் படகின் பின்னாலும் செய்யக்கூடாது. ஆள் படகின் பின்விளிம்புக்குச் சில அடி தூரத்தில்தான் இருப்பார். சாதாரண அவுட்போர்டு மோட்டார் படகில் புரொப்பல்லர் அங்கேதான் சுற்றும். அதனால் இதற்கென்று புரொப்பல்லர் படகின் அடியில் உள்ளே தள்ளி இருக்கும் இன்போர்டு படகுகள் இருக்கின்றன. அவற்றின் தரைக்கடியில் தண்ணீர் டேங்குகள் இருக்கும். பம்ப் வைத்து ஏரித் தண்ணீரையே உள்ளே இழுத்து எடையைக் கூட்டுவார்கள். இதுதான் பேலஸ்ட். போதாதென்றால் பெரிய ரப்பர் மூட்டைகளில் தண்ணீர் நிரப்பி சீட்டுகளின் மேலேயும் வைப்பார்கள். ஒரு மூட்டை 340 கிலோ வரை வரும்.

சாதாரணப் படகு வடிவமைப்பில் அலை என்பது நஷ்டம். எஞ்சின் சக்தி வீணாகித்தான் அலையாகிறது. கப்பல் கட்டுகிறவர்கள் அதைக் குறைக்கத்தான் பாடுபடுவார்கள். இங்கே எல்லாமே தலைகீழ். நஷ்டம்தான் இங்கே புராடக்ட்.

என் ஆர்க்கிமிடிஸ் எங்கே சறுக்கியது

அண்ணன் சொன்ன விவரம் இது. படகு சுமார் 7 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் அகலம், காலியாக 2,500 கிலோ. டேங்குகளில் 1,300 கிலோ தண்ணீர். நான் சொன்னதைக் கேட்டு இரண்டு மூட்டைகளையும் பின்மூலைகளில் வைத்தார்கள், 680 கிலோ. ஆட்கள் 9 பேர், சராசரி 75 கிலோ என்றால் 675. மொத்தம் கூட்டினால் 2,655 கிலோ. படகின் எடையைவிடச் சுமை அதிகம்!

இப்போது நாமே ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். தண்ணீர் மட்டத்தில் அந்தப் படகின் பரப்பு, முன்பக்கம் கூர்மையாக இருப்பதைக் கழித்தால், சுமார் 13 சதுர மீட்டர். அப்படியென்றால் படகு 1 செ.மீ. கீழே இறங்க 130 கிலோ வேண்டும். 680 கிலோ மூட்டைக்குக் கிடைப்பது 5 செ.மீ.தான். நிமிடத்துக்கு 50 லிட்டர் இழுக்கும் பம்பில் அதை நிரப்ப கிட்டத்தட்ட 14 நிமிடம், திரும்பக் காலி பண்ண இன்னொரு 14 நிமிடம். இவ்வளவு பாடும் 5 செ.மீ.க்காக.

அந்த 5 செ.மீ.யும் படகு முழுக்கச் சமமாக இறங்கினால்தான். பின்மூலையில் வைத்தால் பின்பக்கம் அதிகமாக இறங்கும், அணியம் மேலே தூக்கிக்கொள்ளும். விளைவு: படகின் பின்னால் ஒரு உயரமான, செங்குத்தான, ஆனால் குட்டையான அலை. பார்க்கப் பிரமாதமாக இருக்கும். நிற்கத்தான் முடியாது. அண்ணன் ஏறுவதும் நாலு வினாடியில் நுரைக்குள் விழுவதுமாக அந்த ஞாயிறு போயிற்று.

"பெருசா வருதுடா, ஆனா தள்ளவே மாட்டேங்குது" என்றான். பெரிய அலை வேறு, நல்ல அலை வேறு. சர்ஃபருக்குத் தேவை மூன்று: தள்ளுகிற அளவு சரிவு, நகர்ந்து விளையாடுகிற அளவு நீளம், நுரை இல்லாத சுத்தமான முகம். வெறும் உயரம் இதில் எதற்கும் உத்தரவாதம் இல்லை.

சரியான வரிசை

அடுத்த வாரம் முழுக்க ஹாஸ்டலில் உட்கார்ந்து இதைப் படித்தேன். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் தாளில் 2 மார்க்குக்காக மனப்பாடம் செய்த ஃப்ரவுட் எண் உயிரோடு எழுந்து வந்து எதிரில் நின்றது. என் கருத்து இதுதான்: எடை கூட்டுவது கடைசி வேலை. அதற்கு முன்னால் காசில்லாமல், எடையில்லாமல் மாற்றக்கூடிய ஐந்து விஷயங்கள் இருக்கின்றன.

முதலாவது வேகம். ஆழமான தண்ணீரில் அலையின் நீளம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகத்தை (மீட்டர் / வினாடி) வர்க்கமாக்கி 0.64ஆல் பெருக்குங்கள். மணிக்கு 16 கி.மீ. என்றால் சுமார் 12.6 மீட்டர். 18 கி.மீ. என்றால் 16 மீட்டர். 20 கி.மீ. என்றால் கிட்டத்தட்ட 20 மீட்டர். படகின் பின்னால் குறுக்கே எழும் அலைக்கான கணக்கு இது. பக்கவாட்டில் விரியும் அலை இதைவிடக் குட்டை, ஆனால் அதுவும் வேகத்தோடு இதே விகிதத்தில்தான் நீளும். மெதுவாகப் போனால் அலை குட்டையாக, செங்குத்தாக வரும். வேகமாகப் போனால் நீண்டு படுக்கும். இன்னும் வேகம் கூடினால் படகு தண்ணீர்மேல் ஏறி ஓட ஆரம்பிக்கும், அலையே தாழ்ந்துவிடும். ஒரு கிலோமீட்டர் வேக வித்தியாசம் அலையின் வடிவத்தையே மாற்றுவதால்தான் இந்தப் படகுகளில் ஜிபிஎஸ் வைத்து வேகத்தைப் பூட்டுகிறார்கள்.

இரண்டாவது ஆழம். யாரும் யோசிக்காதது. நானும் கேட்கவில்லை. ஆழம் குறைந்த தண்ணீரில் அலைக்கு ஒரு உச்ச வேகம் உண்டு. படகு அந்த வேகத்தை நெருங்கினால் எல்லாம் குழம்பிவிடும்: பின்பக்கம் இன்னும் இறங்கும், எஞ்சின் திணறும், அலை வடிவம் கெடும். வேகத்தின் வர்க்கத்தை 9.81ஆல் வகுத்தால் அந்த ஆபத்தான ஆழம் கிடைக்கும். மணிக்கு 16 கி.மீ.க்கு 2 மீட்டர். 18க்கு 2.55 மீட்டர். நண்பர்கள் கரையிலிருந்து பார்க்க வேண்டுமே என்று இவர்கள் ஓட்டியது 8 அடி ஆழத்தில், அதாவது 2.4 மீட்டர். சரியாக அந்த வில்லங்கத்துக்குள்ளேயே ஓட்டியிருக்கிறார்கள். அலை முழு உரிமையோடு எழும்ப, அதன் நீளத்தில் பாதி அளவாவது ஆழம் வேண்டும். 16 மீட்டர் அலைக்கு 8 மீட்டர். 6 மீட்டர், அதாவது 20 அடி இருந்தால் கிட்டத்தட்ட அந்தப் பலன் கிடைத்துவிடும்.

மூன்றாவது, ஆட்கள். மனிதன்தான் உலகிலேயே சீக்கிரம் இடம் மாற்றக்கூடிய பேலஸ்ட். பின்மூலையில் ஒரு 340 கிலோ மூட்டை, படகின் மையத்திலிருந்து 2.5 மீட்டர் பின்னால் இருக்கிறது என்று வையுங்கள். திருப்புவிசை 850 கிலோ-மீட்டர். பின்சீட்டில் இருக்கும் இரண்டு பேர் எழுந்து 4 மீட்டர் முன்னால் போய் உட்கார்ந்தால் 150ஐ 4ஆல் பெருக்கினால் 600. ஒரு மூட்டை உண்டாக்கிய பின்சாய்வில் 70 சதவீதத்தை, பம்ப் போடாமல், ஒரு வார்த்தையில் சரிசெய்துவிடலாம்: "ரெண்டு பேர் முன்னாடி போங்கப்பா." முன்பக்கம் எடை கூடினால் அலை நீளும், பின்பக்கம் கூடினால் உயரும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு சமரசத்தைப் பிடிப்பதுதான் முழு வித்தையும்.

நான்காவது, எந்தப் பக்கம். இடது கால் முன்வைத்து நிற்பவர்கள் பெரும்பாலும் படகின் இடதுபக்க அலையில் ஓடுவார்கள், வலது கால்காரர்கள் வலதுபக்கம். பழைய படகுகளில் ஓடும் பக்கத்தில் எடையைக் குவித்துப் படகையே சாய்ப்பார்கள். மொத்தம் 4,800 கிலோ இருக்கும் படகில் 340 கிலோவை மையக்கோட்டிலிருந்து 0.9 மீட்டர் தள்ளி வைத்தால், மெட்டாசென்டர் உயரம் 1 மீட்டர் என்று கொண்டால், சாய்வு சுமார் 3.6 டிகிரி. அந்தச் சின்னச் சாய்வே ஒரு பக்க அலையைச் சுத்தமாக்கிவிடும். மறுபக்கம் நுரைக்குப்பையாகிவிடும். ஆள் மாறினால், பக்கம் மாறினால், எல்லாத் தண்ணீரையும் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்ற வேண்டும்.

ஐந்தாவது, தகடுகள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி. படகின் இரண்டு பக்கத்திலிருந்தும் வரும் தண்ணீர், பின்விளிம்பைத் தாண்டியதும் நடுவில் வந்து மோதிக்கொள்கிறது. அந்த மோதல் படகுக்கு மிகப் பக்கத்தில் நடந்தால் அலை உடைந்து நுரைக்கும். தள்ளி நடந்தால் அலை சுத்தமாக, நீளமாக நிற்கும். இதைக் கவனித்த மாலிபு நிறுவனம் 2012ல் சர்ஃப் கேட் என்ற ஒரு அமைப்பைக் கொண்டுவந்தது. பின்விளிம்பின் இரண்டு பக்கமும் கதவு மாதிரி ஒரு தகடு. இடப்பக்க அலை வேண்டுமென்றால் வலப்பக்கத் தகடு வெளியே நீளும், அந்தப் பக்கத் தண்ணீர் உள்ளே வருவதைத் தாமதப்படுத்தும். படகு சாயவே வேண்டாம். பட்டனைத் தட்டினால் சில வினாடிகளில் பக்கம் மாறும். இந்த விஷயத்துக்காக அந்த நிறுவனம் நாட்டிக் மீதும் மாஸ்டர்கிராஃப்ட் மீதும் காப்புரிமை வழக்குப் போட்டது என்றால், அந்தச் சின்னத் தகட்டின் மதிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கணக்கான கிலோ எடை செய்த வேலையை, தண்ணீர் எங்கே மோதுகிறது என்று உட்கார்ந்து கவனித்த யாரோ ஒருவர் ஒரு தகட்டில் முடித்துவிட்டார். இதுதான் பொறியியல். மற்றதெல்லாம் மூட்டை தூக்குவது.

ஒரு தடவைக்கு ஒண்ணு

இந்த ஐந்தையும் அண்ணனுக்கு எழுதி அனுப்பினேன். கூடவே ஒரு நிபந்தனை: ஒரு ஓட்டத்துக்கு ஒரு மாற்றம்தான், ஒவ்வொன்றையும் நோட்டில் எழுத வேண்டும். வேகம், ஆழம், டேங்க் அளவு, யார் எங்கே உட்கார்ந்தார்கள், அலை எப்படி இருந்தது.

அவன் சிரித்தான். "டேய், நாங்க ஜாலிக்குப் போறோம், லேப் ரெக்கார்டு எழுதப் போகல."

ஆனால் எழுதினான். அடுத்த ஞாயிறு மூட்டைகளைக் கரையிலேயே விட்டுவிட்டு, 6 பேரோடு ஏரியின் நடுவுக்குப் போனார்கள். முதலில் ஆழத்தை மட்டும் மாற்றினார்கள். பிறகு 16லிருந்து 17, 18 என்று வேகத்தை. பிறகு இரண்டு பேரை முன்னால் அனுப்பினார்கள். கடைசியாகத் தகடு. ஏழாவது ஓட்டத்தில் அண்ணன் கயிற்றை வீசிவிட்டு இரண்டு நிமிடத்துக்கும் மேல் நின்றான். வீடியோ அனுப்பினான். முந்தின வாரத்தைவிட அலை உயரம் குறைவு. சவாரி அதைவிடப் பல மடங்கு நல்லது. படகில் எடை 900 கிலோ குறைவு.

இப்போது உங்களைக் கேட்கிறேன். போன செமஸ்டர் மினி புராஜெக்டில் எத்தனை பேர் இப்படிச் செய்தோம்? மோட்டார் சூடாகிறது என்றதும் டிரைவரை மாற்றி, பேட்டரியை மாற்றி, கோடையும் மாற்றி, எல்லாம் ஒரே ராத்திரியில். காலையில் ஓடியது. ஏன் ஓடியது என்று வைவாவில் கேட்டபோது ஆளுக்கு ஒரு பக்கம் பார்த்தோம். எல்லா டேங்கையும் நிரப்பு என்று நான் சொன்னதும் அதே வியாதிதான். பிரச்சினை புரியாதபோது நாம் எதையாவது கூட்டுகிறோம்: எடை, வோல்டேஜ், ரேம், ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி.

என் கணக்கில் இல்லாத ஒருவர்

இதோடு நிறுத்தியிருந்தால் நல்ல வெற்றிக்கதை. ஆனால் முதல் ஞாயிறு நடந்த இன்னொன்றை அண்ணன் எனக்குப் பிறகுதான் சொன்னான்.

அன்றைக்கு அவர்கள் கரையிலிருந்து சுமார் 150 அடி தூரத்தில்தான் போய்ப்போய் வந்தார்கள். மதியத்துக்கு மேல், பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருவர் தன் படகுத்துறையின் முனைக்கு வந்து கை காட்டி நிறுத்தச் சொன்னார். அவருடைய சின்னப் படகு அலையில் துறையோடு மோதி மோதி, அதைக் கட்டியிருந்த கொக்கியே பிய்ந்து வந்துவிட்டது. கரையோரத்து மண் ஒரு பிடி அளவுக்குச் சரிந்து தண்ணீர் கலங்கிக் கிடந்தது. அவர் சத்தம் போடவில்லையாம். ஒன்றே ஒன்று கேட்டாராம்: "நீங்க ஒவ்வொருத்தரும் ஒரு தடவைதான் போறீங்க. எனக்கு இது இன்னைக்கு எத்தனாவது தடவைன்னு தெரியுமா?"

அண்ணனுக்குப் பதில் தெரியவில்லை. எனக்கும்தான். 13,000 கிலோமீட்டருக்கு அப்பால் ஹாஸ்டலில் படுத்துக்கொண்டு "ஃபுல் பண்ணு" என்று சொன்னவன் நான். அந்தக் கொக்கி பிய்ந்ததில் எனக்கும் பங்கு உண்டு.

அலையின் ஆற்றல் உயரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. உயரம் 30 சதவீதம் கூடினால் ஆற்றல் 69 சதவீதம் கூடும். சர்ஃபருக்கு அந்த 30 சதவீதம் ஒரு சின்னக் குதூகலம். மீதி ஆற்றல் எங்கே போகும்? அவர் விட்ட இடத்திலிருந்து அலை நடந்து நடந்து கரைக்குப் போகும். தெர்மோடைனமிக்ஸில் சிஸ்டம் பவுண்டரி என்று ஒரு புள்ளிக்கோடு போடுவோமே, என் கணக்கில் அந்தக் கோடு படகைச் சுற்றி மட்டும் இருந்தது. கரை அதற்கு வெளியே. பாட்டி அதற்கு வெளியே.

இது ஒரு பாட்டியின் புலம்பல் மட்டும் இல்லை. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் செயின்ட் ஆண்டனி ஃபால்ஸ் ஆய்வகம் 4 படகுகளை ஏரியில் ஓட்டி, அலைகளை அளந்து 2022ல் அறிக்கை வெளியிட்டது. சாதாரணப் படகின் அலை 200 அடி தூரத்தில் எவ்வளவு அடங்குகிறதோ, அந்த அளவுக்கு சர்ஃப் படகின் அலை அடங்க 500 அடிக்கு மேல் வேண்டும் என்பது அதன் முடிவு. வெர்மான்ட் மாநிலம் 2024ல் விதியே போட்டுவிட்டது: கரையிலிருந்து குறைந்தது 500 அடி, ஆழம் குறைந்தது 20 அடி, அப்படிப்பட்ட பரப்பு தொடர்ச்சியாக 50 ஏக்கராவது இருக்கும் ஏரிகளில்தான் ஓட்டலாம்.

ஆழத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. பின்பக்கம் இறங்கி முன்பக்கம் தூக்கிய படகில் புரொப்பல்லர் தள்ளும் நீர் பின்னோக்கி மட்டும் போகாது, கீழ்நோக்கியும் போகும். ஆழம் குறைந்த இடத்தில் அது அடிமண்ணைக் கிளறிவிடும். மண்ணில் அடங்கிக் கிடந்த பாஸ்பரஸ் மேலே வந்தால் பாசிக்குக் கொண்டாட்டம்.

அப்புறம் டேங்குகள். பம்ப் போட்டுக் காலி செய்தாலும் அடியில் கொஞ்சம் தண்ணீர் தங்கிவிடும். அந்தத் தண்ணீரில் ஜீப்ரா மஸ்ஸல் என்ற சிப்பியின் கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகள் இருந்தால், அடுத்த ஏரிக்கும் இலவசப் பயணம். அந்தச் சிப்பி ஒரு ஏரியில் குடியேறிவிட்டால் வெளியேற்றுவது நடக்காத காரியம். அதனால்தான் மினசோட்டாவில் படகை ஏரியிலிருந்து எடுத்ததும் தண்ணீர் வடியும் அடைப்பைத் திறந்துவிட்டே ரோட்டில் கொண்டுபோக வேண்டும் என்பது சட்டம். வெர்மான்டில் பேலஸ்ட் டேங்க் உள்ள படகுக்கு 'சொந்த ஏரி' என்று ஒன்றைக் குறிப்பிட வேண்டும். சுத்திகரிக்காமல் வேறு ஏரியில் இறக்க முடியாது.

"அதனால என்ன பாஸ்?"

இதை என் ரூம்மேட்டிடம் சொன்னபோது இரண்டு கேள்வி கேட்டான். நியாயமான கேள்விகள்.

ஒன்று: காற்று அடித்தாலும் ஏரியில் அலை வரத்தானே செய்யும், படகை மட்டும் ஏன் குற்றம் சொல்ல வேண்டும்? உண்மைதான். பெரிய திறந்த ஏரியில் புயல் நாளின் அலைக்கு முன்னால் படகு ஒன்றுமே இல்லை. ஆனால் சின்ன, காற்று மறைவான ஏரியில் காற்று ஓடிவர இடமே கிடையாது. அந்தக் கரை இவ்வளவு நீளமான அலைக்குப் பழகியதே இல்லை. அமைதியான ஞாயிறு மதியத்தில் அது நாற்பது ஐம்பது தடவை வந்தால் கரைக்கு அது புதிது.

இரண்டு: அப்படியென்றால் மொத்தமாகத் தடை செய்துவிடலாமே? நான் அப்படி நினைக்கவில்லை. மேலே சொன்ன வரிசையைத் திரும்பப் பாருங்கள். ஆழமான இடம் அலைக்கு நல்லது, கரைக்கும் நல்லது. கரையிலிருந்து தள்ளிப் போனால் ஆழம் தானாகக் கிடைக்கிறது. குறைந்த எடையில் சுத்தமான அலை வந்தால் சவாரி நீளம், கரைக்குப் போகும் ஆற்றல் குறைவு. சந்தோஷமும் பொறுப்பும் இங்கே சண்டை போடவே இல்லை. புரியாமல் எடை கூட்டியதுதான் இரண்டையும் ஒன்றாகக் கெடுத்தது. ஒரு ஏரி சின்னதாக, ஆழம் இல்லாமல் இருந்தால்? அங்கே வேண்டாம். அதற்கு எந்த செட்டிங்கும் கிடையாது.

பாதுகாப்பும் இதே கணக்கில்தான் வருகிறது. 2,655 கிலோ ஏற்றிய படகின் பின்விளிம்பு தண்ணீரிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருந்திருக்கும்? யாராவது விழுந்தார் என்று ஓட்டுநர் சட்டென்று வேகத்தைக் குறைத்தால், படகின் அலையே பின்னாலிருந்து வந்து உள்ளே ஏறும். முன்பக்கம் அதிகம் ஏற்றிக்கொண்டு தன் அலைக்கு எதிரே திரும்பினால் அணியம் தண்ணீரை அள்ளும். அரைகுறையாக நிரம்பிய டேங்கில் தண்ணீர் இங்கும் அங்கும் ஓடிப் படகை இன்னும் சாய்க்கும். படகு தாங்கும் எடைக்கு ஒரு வரம்பு உண்டு. அதில் ஆட்களும் அடக்கம், தண்ணீரும் அடக்கம். "ஃபுல் பண்ணு" என்று சொல்லுமுன் நான் அந்த வரம்பைக் கேட்டேனா? இல்லை. எத்தனை பேர் ஏறுகிறீர்கள் என்றாவது? அதுவும் இல்லை.

நம்மில் பலர் இன்னும் இரண்டு வருடத்தில் ஏதோ ஒரு டிசைன் டீமில் உட்கார்ந்திருப்போம். யாரோ ஒருவர் வந்து "பெருசா வேணும்" என்பார். பம்ப் பெரிதாக, எஞ்சின் பெரிதாக, ஸ்பீக்கர் சத்தமாக. எப்படிப் பெரிதாக்குவது என்று நமக்கு நான்கு வருடம் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். எதற்கு, எங்கே, மீதி ஆற்றல் யார் வீட்டு வாசலில் போய் மோதும் என்பது சிலபஸில் இல்லை. அந்த மூன்று கேள்வியையும் கேட்காமல் பதில் சொல்லக்கூடாது என்பதுதான் என் கட்சி.

அண்ணன் கதைக்கு வருகிறேன். அவனும் படகின் சொந்தக்காரரும் புதுக் கொக்கி வாங்கிப்போய்ப் பாட்டியின் துறையில் தாங்களே மாட்டிக் கொடுத்தார்கள். இப்போது நடு ஏரியில் மட்டும்தான் ஓட்டுகிறார்கள். நோட்டில் ஒரு புது பத்தி சேர்த்திருக்கிறான், நான் சொல்லாமலே: கரையிலிருந்து தூரம்.

போன வாரம் மறுபடி கால் பண்ணினான். "டேய், இன்னொரு நண்பன் புதுசா படகு வாங்கியிருக்கான். எங்க எவ்ளோ வெயிட் வைக்கணும்?"

"ஏரி எவ்ளோ ஆழம் அண்ணா? கரை எவ்ளோ தூரம்? எத்தனை பேர் ஏறுறீங்க?"

"என்னடா, கேள்விக்குக் கேள்வி கேக்குற?"

ஆமாம். அதைக் கற்றுக்கொள்ளத்தான் எனக்கு இரண்டு வாரமும் ஒரு கொக்கியும் செலவாயிற்று. என் கணக்கில் எங்காவது தப்பு இருந்தால் எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் என் பெயரைப் போட்டே திருத்திவிடுகிறேன்.